பனியின் மேல் ஒரு கறுப்புக் கோடு

கூட வேலை செய்யும் கிளோதெத்தின் காரிலிருந்து பார்த்தபோது அது யாரோ ஒருவருடைய துரதிர்ஷ்டமாகத்தான் தெரிந்தது. மிஷோ வீட்டு உருளைக்கிழங்குக் கிடங்குக்கு எதிரே ஆரம்பித்து, ரோட்டில் இறுகிக் கிடந்த பனியின் மேல் கையகலத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு.

"எவனோ ஆயிலை முழுக்கக் கொட்டிட்டுப் போயிருக்கான்," என்றாள் கிளோதெத். "எந்தப் புண்ணியவானோ, பாவம்."

கில்பெர்த்துக்கும் பாவமாகத்தான் இருந்தது. காலை ஐந்து மணியிலிருந்து இரண்டு மணி வரை தொழிற்சாலையின் குளிர் அறையில் நின்று, பெல்ட்டில் ஓடிவரும் கிழங்கு வறுவலில் கறுத்ததைப் பொறுக்கித் தள்ளிய கண்கள் அவளுடையவை. அந்தக் கண்களுக்குக் கறுப்பு எதுவும் தப்பாது. கோட்டைப் பார்த்தபடியே வந்தாள். பாலத்தைத் தாண்டியது. லெவெக் வீட்டின் புதுத் தபால்பெட்டியைத் தாண்டியது. பிறகு இடப்பக்கம் வளைந்து அவளுடைய வாசலுக்குள்ளேயே நுழைந்தது.

கிளோதெத் காரை நிறுத்தினாள்.

அவர்களுடைய கார் வீட்டுக்குப் பக்கவாட்டில், பலகைகளை அடுக்கி அவள் புருஷன் நார்மன் செய்துவைத்த ஏற்றப் படிகளின் மேல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. சமையலறையில் நார்மன் காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். எதிரே அவளுடைய சித்தி மகன் ரெனால் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். ஊருக்குப் பனி தள்ளுகிற லாரியை ஓட்டுகிறவன்.

"வாக்கா. உன் புருஷன் ரோட்டுக்குத் தார் போட்டுட்டு வந்திருக்காரு, பாத்தியா?"

"டயாலிசிஸ்?" என்றாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எங்கேருந்து போறது?" என்றார் நார்மன். "நேத்துதான் ஆயில் மாத்தினேன். பில்டர் புதுசு. கடைக்காரன் மட்டமான சரக்கைத் தலையில கட்டிட்டான்."

"நான் எதிர்ல வந்ததால பொழச்சாரு," என்றான் ரெனால். "ஹாரன் அடிக்கிறேன், அடிக்கிறேன், மனுஷன் திரும்பிப் பாக்கல. லாரிய முன்னால கொண்டுபோய் மறிச்சாத்தான் நின்னாரு. அங்கேருந்து நான்தான் கயிறு கட்டி இழுத்துட்டு வந்தேன். உள்ள சிவப்பு லைட்டு எரியுது, கிறிஸ்துமஸ் மரம் மாதிரி. என்ன மச்சான், அதைப் பாத்து பிரார்த்தனை பண்ணிட்டிருந்தீங்களா?"

"வெயில் எதிர்ல அடிச்சுதுடா."

"எந்த வெயில்? காலைல மேகமா இருந்துச்சு."

நார்மன் ஒரு பனிக்கட்டித் துண்டை வாயில் போட்டு அடக்கிக்கொண்டார். நாளுக்கு நான்கு தம்ளருக்கு மேல் தண்ணீர் கூடாது என்பதால் கட்டியைச் சப்பித் தாகத்தை ஏமாற்றுவது அவர் வழக்கம்.

"உன் லாரியிலேயே கூட்டிட்டுப் போயிருக்கலாமேடா," என்றாள் கில்பெர்த்.

"ஊர் லாரிக்கா. எல்லையத் தாண்டினா சீட்டைக் கிழிச்சிருவாங்க. ஏற்கெனவே லெவெக் வீட்டுத் தபால்பெட்டிய நான்தான் இடிச்சேன்னு பேரு. சத்தியமா நான் இல்ல. புதுப்பெட்டி வாங்கி நட்டும் குடுத்துட்டேன், இன்னும் அந்தம்மா என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்புது. சனிக்கிழமையும் எனக்கு டியூட்டி, பனி வருதாம்."

ரெனால் போனபின் அவள் டயாலிசிஸ் மையத்துக்குப் போன் செய்தாள். நர்ஸ் பொறுமையாகப் பேசினாள். ஒரு முறை தவறியது தவறியதுதான், சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவருடைய நாற்காலி காலியாக இருக்கும், அதுவும் தவறக்கூடாது, மூச்சு வாங்கினால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். நோயாளிகளை ஏற்றிப்போகும் வேன் அலுவலகத்தில் ஒரு ஆணின் குரல், வேன் செவ்வாயும் வியாழனும் மட்டும்தான், சனிக்கிழமை கிடையாது, அதற்கும் முதலில் படிவம் வேண்டும் என்றது. படிவம் அவளிடம் இருந்தது. பிரிட்ஜின் கதவில் ஒரு காந்தத்தின் கீழ் நான்கு மாதமாகத் தொங்குகிறது. 'என்னால் வாகனம் ஓட்ட இயலாது' என்ற வரிக்கு எதிரே நார்மன் கையெழுத்துப் போட வேண்டும். "எனக்கு என்ன கேடு? நான் ஓட்டுவேன்," என்று நவம்பரிலேயே சொல்லிவிட்டார்.

அவர் கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

மறுநாள், வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து வரும் வழியில் கிளோதெத்தைக் கடையில் நிறுத்தச் சொல்லி ஐந்து புட்டி ஆயிலும் ஒரு பில்டரும் வாங்கினாள். காரை இழுத்துப்போய் மெக்கானிக்கிடம் விட்டால் திங்கட்கிழமைதான் தொடுவான். அவன் கேட்கும் கூலிக்கு ஒரு வாரம் சாப்பிடலாம். அது மட்டுமல்ல. அந்தப் பள்ளத்தாக்கில் தன் காரின் ஆயிலைத் தானே மாற்றத் தெரியாத ஆம்பளையை யாரும் ஆம்பளையாகக் கணக்கில் வைப்பதில்லை. அல்சீத் என்று ஒருவன் முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு தவறு செய்தான். பழைய பில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டதைப் பார்க்காமல், அதன் மேலேயே புதுப் பில்டரைத் திருகிவிட்டான். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வளையம் நிற்காது. அழுத்தம் ஏறினதும் பிதுங்கி, ஆயில் மொத்தமும் வெளியே. அன்றிலிருந்து சாகும் வரை அவனுக்கு 'ரெண்டு வளையம்' என்றுதான் பெயர். அவன் சாவுக்கு மணியடித்தபோதுகூட, செத்தது எந்த அல்சீத் என்று கேட்டவர்களுக்கு அப்படித்தான் சொன்னார்கள். பெயரை வைத்தவர் நார்மன்.

அன்று மூன்று மணிக்கு வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. கூரை விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. தவக்காலம் என்பதால் கறி இல்லை. ஒரு பக்கம் மட்டும் வேகவைத்த ப்ளோய் என்கிற மெல்லிய தோசையும், பொட்டாசியம் போக இரண்டு முறை தண்ணீர் மாற்றி வேகவைத்த கிழங்கில் இரண்டு துண்டும் அவருக்குக் கொடுத்திருந்தாள். தோட்டமெல்லாம் கிழங்கு விளையும் ஊரில் கிழங்குக்கு ஏங்கும் ஒரே மனுஷன் நான்தான் என்று வழக்கமாகச் சொல்லுகிறவர், அன்று பாதியைத் தள்ளிவைத்தார். மூச்சில் லேசாக ஒரு இழுப்பு இருந்தது.

"நான் படுக்கிறேன் கீழ," என்றார்.

"படுத்தா எழுப்ப கிரேன் வேணும். உட்காரு. டார்ச்சைப் பிடி."

தொழிற்சாலைக் குளிர் அறையின் மெத்தைக் கோட்டை மாட்டிக்கொண்டாள். வறுவல் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துக் காருக்கடியில் விரித்துப் படுத்து, முதுகால் நகர்ந்து உள்ளே போனாள். அவர் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

முப்பத்தெட்டு வருடமாக டார்ச் பிடித்தது அவள்தான். கல்யாணமான முதல் மாதத்திலிருந்து. அவர் கீழே கிடப்பார், அவள் குனிந்து நிற்பாள், அவர் கத்துவார். வேலையைப் பார்க்காமல் வெளிச்சத்தை மட்டும் நகர்த்தக் கற்றுக்கொள்வது ஒரு தனி வித்தை. கீழே கிடப்பவரின் கண் எங்கே போகும் என்று அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கத்தலை அவள் ஒருபோதும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அவருடைய பார்வைக்குள் அவ்வளவு நெருக்கமாக நிற்க வேறு எந்த வேலையும் அவளை விட்டதில்லை என்று, ஆயில் வாசனைக்கு நடுவில் இப்போது தோன்றியது.

"வெளிச்சம் எங்க?" என்றாள். ஒளிவட்டம் டயரின் மேல் கிடந்தது.

"இங்கதான் காட்டறேன்."

"டயரைத் தெரியும் எனக்கு. இடது பக்கம் வா."

வட்டம் நேரே அவள் கண்ணில் வந்து விழுந்தது.

"யோவ், என் மூஞ்சிக்கா காட்டற? நான் என்ன கல்யாணப் பொண்ணா?" அது அவருடைய வசனம். முப்பத்தெட்டு வருடம் காத்திருந்து திருப்பிக் கொடுத்ததில் அவளுக்கே சிரிப்பு வந்தது.

அவரும் சிரித்தார். "இருடி, இரு. இப்ப?"

"இன்னும் மேல."

பில்டர் கையாலேயே கழன்று வந்தது. மிச்ச ஆயில் முழங்கை வரை குளிர்ந்து ஓடியது. மேலே வார்ப்பிரும்பின் பக்கம் இருட்டாக இருந்தது. "மேல, மேல," என்றாள். அவர் கையை மாற்றிப் பிடித்தார். ஒரு சின்னச் சத்தம். சர்க்கரை வியாதியில் மரத்துப்போன அவர் கட்டைவிரல் பொத்தானின் மேல் ஏறிவிட்டது. டார்ச் அணைந்தது.

"இப்ப தெரியுதா?" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அணைந்த டார்ச்சை அவர் கவனமாகத் தூக்கி, சற்றுச் சாய்த்துப் பிடித்திருந்தார். முகத்தில் வேலைக்காரனின் கவனம்.

"இன்னும் கொஞ்சம் வலது," என்றாள். தன் குரல் ஏன் அப்படிச் சொன்னது என்று தெரியவில்லை.

அவர் வலது பக்கம் நகர்த்தினார். "இப்ப?"

"இன்னும்."

"இப்ப சரியா இருக்கா?"

"ம்," என்றாள் கில்பெர்த். "நல்லாத் தெரியுது."

காருக்கடியில் அசையாமல் கிடந்தாள். நெஞ்சுக்குள் எதுவும் உடையவில்லை. வரிசை வரிசையாக எல்லாம் தன் இடத்தில் போய் உட்கார்ந்ததுதான் பயமாக இருந்தது. வெயில் எதிரில் அடித்தது. தொலைக்காட்சி அலுத்துவிட்டது. செய்தித்தாளை நீயே படி, உன் குரல் நன்றாக இருக்கிறது. அவள் பூரித்துப்போய்ப் படித்தாள், டிசம்பர் முழுவதும்.

கையை மேலே விட்டு இருட்டில் தடவினாள். வழவழப்பான இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் மெத்தென்று ஒரு வட்டம். நகத்தால் நெம்ப, உரிந்து வந்தது. கழற்றின பில்டரைத் தடவினாள். அதன் தலையில் பிதுங்கிப்போன இன்னொன்று. கண் போயிருந்தாலும் விரல் சொல்லியிருக்கும். விரலும் போன மனுஷன்.

இரும்பைத் துணியால் துடைத்தாள். புது வளையத்தில் ஆயிலைத் தடவி, பில்டரைத் திருகி, ரப்பர் தொட்டதும் இன்னும் முக்கால் சுற்று. அவர் சொல்லிக் கேட்டுக் கேட்டு மனப்பாடமானது. வெளியே வந்து புட்டிகளை ஒவ்வொன்றாக ஊற்றினாள். அளவுக் கம்பியை இரண்டு முறை துடைத்துப் பார்த்தாள். எஞ்சினைக் கிளப்பியபோது முதலில் கடகடவென்றது. பிறகு பழைய பூனைபோல் இழைந்தது. அடியில் ஒரு சொட்டும் விழவில்லை.

"கேக்குதா?" என்றார் நார்மன், முகமெல்லாம் மலர்ந்து. "ஒண்ணும் ஆகல எஞ்சினுக்கு. எங்கடி ஒழுகுச்சு?"

"பில்டர் மட்டம்," என்றாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல!" அவர் முகத்தில் நிம்மதி பரவியது. நாளைக் காலையில் இதே நிம்மதியோடு சாவிக்குக் கை நீட்டுவார். நாற்பது மைல். இரண்டு பள்ளிக்கூடங்கள்.

எஞ்சினை அணைத்தாள். கோட்டுப் பையிலிருந்த இரண்டு வளையங்களையும் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"என்னது?"

"எத்தனைன்னு சொல்லு."

அவர் விரல்களுக்கு நடுவே உருட்டினார். உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகக் கையை வாய்க்குக் கொண்டுபோய் உதட்டில் வைத்தார். உணர்ச்சி மிச்சமிருந்த இடம் அது ஒன்றுதான்போலும். ஒன்றை உதட்டால் சுற்றிவந்தார். அதை நகர்த்திவிட்டு அடுத்ததை. மோவாயில் ஆயில் கறுப்பாக வழிந்தது.

"ரெண்டு," என்றார்.

கூரை சொட்டிக்கொண்டிருந்தது.

"அல்சீத் மேல இருந்துட்டு சிரிப்பான்," என்றார்.

"எப்பலேருந்து?"

"கிழங்கு தோண்டற நேரத்துலயே மங்கலாச்சு. கிறிஸ்துமஸுக்கு அப்புறம் நடுவுல ஒண்ணும் இல்ல. ஓரத்துல கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் கறுப்பு."

"கிறிஸ்துமஸுக்கு அப்புறம் வாரம் மூணு நாள் ஓட்டிட்டுப் போயிருக்க."

"பனி இருந்துச்சே," என்றார், அது போதுமான பதில் என்பதுபோல. "ரெண்டு பக்கமும் செவுரு மாதிரி வெள்ளையா நிக்குது. நடுவுல கறுப்பு. அதுக்குள்ள போனாப் போதும். ஓரத்துல உறைஞ்சது இருக்கே, வலது சக்கரம் அதுல ஏறினா நொறநொறன்னு கேக்கும், கொஞ்சம் இடது ஒடிச்சுக்குவேன். பாலம் வந்தா சத்தம் மாறும். ஸ்கூல் பஸ் போனதுக்கப்புறம்தான் கிளம்பறது. மெதுவாத்தான் போவேன்டி. பனி கரைஞ்சா விட்டுரலாம்னுதான் இருந்தேன்."

"லெவெக் வீட்டுத் தபால்பெட்டி?"

அவர் தலையைக் குனிந்தார். "நாய்னு நெனச்சேன். இறங்கித் தடவிப் பாத்தேன். தகரம். அன்னிக்கு மாதிரி நான் மாதாவுக்கு நன்றி சொன்னதே இல்ல."

"நாய் இல்லாம ஒரு புள்ளையா இருந்திருந்தா?" அவள் கத்திவிட்டாள். தெருவில் யாருக்காவது கேட்டால் கேட்கட்டும் என்றிருந்தது. "என்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் யாரு உனக்கு?"

"சொன்னா நீ என்ன பண்ணுவே? வேலைய விடுவே. விட்டா இன்சூரன்ஸ் போச்சு. அப்புறம் அந்த மெஷினுக்கு என்னை யாரு கூட்டிட்டுப் போனா என்ன, உள்ள விடுவானா? நீ அங்க நின்னாத்தான் நான் இங்க மூச்சு விடறேன். நானாப் போய் நானா வர்றது ஒண்ணுதான் உனக்காக நான் பண்ண முடிஞ்சுது. அதையும் பிடுங்காத."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்பதுதான் கொடுமை. வராத நாளுக்கு ஒரு புள்ளி கழியும், புள்ளி தீர்ந்தபின் வராவிட்டால் வேலை இல்லை என்று தொழிற்சாலையில் கணக்கு. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த பிப்ரவரியில் அவளுடையவை கரைந்து, இன்னும் ஒன்றுதான் மிச்சம். சனிக்கிழமை கட்டாய ஷிஃப்ட். நாளை அந்த ஒன்றும் போய்விடும். வேன் இரண்டு நாளைக்கு வரும். அடுத்த சனிக்கிழமை? அதற்கடுத்தது?

வாளிக்குப் பக்கத்தில் பனியில் உட்கார்ந்தாள். அவர் மோவாயிலிருந்த ஆயிலைத் தன் கோட்டுக் கையால் துடைத்துவிட்டாள். துடைக்கத் துடைக்கப் பரவியதே தவிரப் போகவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அவர் வழக்கம்போல ஓட்டுநர் பக்கமாக நடந்தார். கதவின் கைப்பிடியைத் தொட்டுவிட்டு நின்றார். பிறகு காரின் மேல் கையை வைத்தபடி, முன்பக்கமாகச் சுற்றி, மறுபக்கம் போனார். முப்பத்தெட்டு வருடத்தில் அவர் அந்தக் கதவைத் திறந்தது அவளை ஏற்றிவிடத்தான். உட்கார்ந்ததும் அவருடைய கை, இடப்பக்க ஓட்டுநர் இருக்கையின் பழக்கத்தில், இடது தோளுக்குப் பின்னால் பெல்ட்டைத் தேடியது. அங்கே ஒன்றுமில்லை. இன்னும் பின்னால் தேடியது. அவள் காத்திருந்தாள். கடைசியில் கை வலது பக்கம் போயிற்று.

அவள் போன் பையில் அதிர்ந்துகொண்டிருந்தது. தொழிற்சாலை மேற்பார்வையாளராகத்தான் இருக்கும்.

"சிவப்பா ஏதாவது எரியுதா?"

"இல்ல."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன் நார்மன்."

வாசலைத் தாண்டியதும், "லெவெக் வீட்டு முன்னால நிறுத்து," என்றார்.

"நேரமாச்சு."

"நிறுத்து கில்பெர்த்."

ஹாரன் சத்தம் கேட்டு லெவெக் அம்மாள் தோளில் சால்வையோடு வாசலுக்கு வந்தாள். நார்மன் இறங்கி, காரைப் பிடித்தபடி இரண்டடி நடந்து, தொப்பியைக் கழற்றினார்.

"ஜனவரியில உங்க பெட்டிய இடிச்சது நான்தாம்மா. ரெனால் இல்ல. அவனைத் திட்டாதீங்க."

"நீங்களா? ஏன், அவ்வளவு பெரிய பெட்டி கண்ணுக்குத் தெரியலயா?"

"தெரியல," என்றார் நார்மன். "எனக்குக் கண்ணு தெரியலம்மா."

அந்த அம்மாள் வாசலில் நின்றாள். அவர் தபால்பெட்டியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். லெவெக் அம்மாளின் கை வாய்க்குப் போனது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன்னால் ஊருக்கே தெரிந்துவிடும். திங்கட்கிழமை போலீஸ்காரன் தெரெசுக்கும். எந்தப் படிவமும் இனி அவருக்கு லைசென்ஸைத் திருப்பித் தர முடியாது. அதைத் தெரிந்தேதான் அவர் இறங்கினார் என்பது அவர் திரும்பி வந்த நடையில் இருந்தது.

"ஓட்டு," என்றார், பெல்ட்டை மாட்டிக்கொண்டே. "சாயங்காலம் அந்தப் படிவத்தை எடுத்து வை. கையெழுத்துப் போடற இடத்துல என் விரலை வச்சுடு."

புதுப்பனி தூற ஆரம்பித்திருந்தது. ரோட்டில் கறுப்புக் கோடு இடையிடையே மறைந்து, கிடங்கு வரை கூடவே வந்தது. அதன் பிறகு வெறும் வெள்ளை. அவருடைய மூச்சிழுப்பு எஞ்சின் சத்தத்துக்கு மேல் கேட்டது. போன் மறுபடி அதிர்ந்து ஓய்ந்தது. அடுத்த சனிக்கிழமை என்று நினைத்தாள். அதற்கு மேல் அந்த நினைப்பு எங்கும் போகவில்லை. ரோட்டின் இரு பக்கச் சுவர்களும் கலங்கி, ஒன்றோடொன்று கரைந்து, வெள்ளையாக ஒரே நீராக நின்றன. கையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ளப் பயமாக இருந்தது.

"கில்பெர்த்," என்றார் பக்கத்திலிருந்து, மெதுவாக. "நொறநொறங்குது. கொஞ்சம் இடது."

அவள் இடது பக்கம் ஒடித்தாள்.